நல்லூர்ப் பக்கத்துத் துணி வகுப்பு: அம்மாவின் சீலையை வெட்டப் போகிறவர்களுக்கு

அம்மா இறந்து 10 மாதம் வரைக்கும் அவரின் அலுமாரியை நான் திறக்கவில்லை. திறந்தபோது 17 சீலைகள் மடிப்புக் குலையாமல், ஒவ்வொன்றுக்கும் உரிய சட்டை நடுவில் செருகியபடி இருந்தன. ஆருக்காவது கொடுத்துவிடலாம் என்றால் மனம் கேட்கவில்லை, அப்படியே விட்டால் பூச்சிக்குத்தான் போகும். அந்த நேரத்தில்தான் மச்சாள் ஒருவர் யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நடக்கும் வகுப்பைப் பற்றிச் சொன்னார். இறந்தவர்களின் உடுப்பு, கையெழுத்து, படம், வீட்டில் மிஞ்சிய சின்னச் சாமான் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நினைவுத் துணி தைக்கப் பழக்குகிறார்கள். நான் போய் முடித்து மூன்று மாதமாகிறது. போகலாமா, காசுக்குப் பெறுமதியா என்று சொந்தக்காரர்கள் மாறி மாறிக் கேட்கிறார்கள், அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். போகலாம். ஆனால் சில விஷயம் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. நடத்துகிறவர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆகவே நாங்கள் கூப்பிட்டது போல ரீச்சர் என்றே சொல்கிறேன். 5 சனிக்கிழமை, காலை 9 மணியிலிருந்து பகல் 1 மணி வரை, ஆளுக்கு 12,000 ரூபாய். ஊசி, நூல், அடித்துணி எல்லாம் அதற்குள் அடக்கம். நூல் நல்ல அங்கர் கம்பனிப் பூத்தையல் நூல், ஒரு கட்டில் 8 மீற்றர் வரும், 6 இழையையும் பிரித்து இரண்டிரண்டாகக் கோர்க்கச் சொல்வார். விறாந்தையில் இடம் போதாது என்பதால் 8 பேருக்கு மேல் எடுப்பதில்லை. எங்கள் தடவை 7 பேர்.

முதல் நாள் கத்தரிக்கோலைக் கண்ணிலேயே காட்டவில்லை. நானோ இன்றைக்கு எப்படியும் வெட்டத்தான் வேண்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு போயிருந்தேன். "வெட்டுறதுக்கு என்ன அவசரம் பிள்ளை, முதல்ல அது என்ன துணியெண்டு பாப்பம்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவர் கொண்டுவந்ததையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அம்மாவின் நீலப் பட்டு தூரத்தில் பார்க்கப் புதுசு மாதிரி, வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்பு விழுந்த கோடெல்லாம் கண்ணாடி போலத் தெரிந்தது. வருடக்கணக்காக ஒரே இடத்தில் மடித்து வைத்த பட்டு அந்த மடிப்பிலேயேதான் முதலில் கிழியும். அதற்குப் பசை பூசக் கூடாது, கீழே மெல்லிய பருத்தித் துணியைக் கொடுத்து இரண்டையும் சேர்த்துச் சின்னச் சின்னத் தையலால் பிடிக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒரு மூலையில் பசை போட்டுப் பார்த்திருந்தேன், அந்த இடம் மட்டை போல விறைத்து மஞ்சளாகிவிட்டது. அதைக் காட்டினேன். ஏசவில்லை. அந்த மூலையை மறைக்காமல் அப்படியே வையுங்கோ என்றார். அது துணியில் இப்போதும் இருக்கிறது.

இரண்டாம் கிழமை சீலைக் கரையிலிருந்து நூல் உருவப் பழக்கினார். வங்காளத்துக் காந்தா வேலையில் பழைய சீலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அந்தச் சீலைகளின் கரையிலிருந்தே உருவிய நூலால் ஓட்டுத் தையல் போடுவார்களாம். நாங்களும் அம்மாவின் வீட்டுச் சீலைகளை மூன்று மடிப்பாக்கி அடித்தளமாக வைத்தோம். நூல் உருவுவது லேசான வேலையில்லை, பாதியில் அறுந்துகொண்டே இருக்கும், ஒரு முழ நூல் முழுசாக வந்தால் பக்கத்தில் இருக்கிறவருக்குத் தூக்கிக் காட்டுவோம். கடை நூலைவிட அது மங்கல்தான், ஆனால் அந்தத் துணியின் நிறத்தோடு அது போய் உட்காருகிற மாதிரி வேறெந்த நூலும் உட்காராது.

மூன்றாம் கிழமையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். எங்களோடு ஒரு அக்கா கிளிநொச்சியிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார். முதல் நாளே வெறுங்கையோடு வந்தவர். 2009 இல் முள்ளிவாய்க்கால் பக்கம் ஒதுங்கிய சனம் பங்கருக்கு மண்மூட்டை அடுக்க சீலைகளைத்தான் பையாகத் தைத்தது, கூறை, பட்டு என்று பார்க்கவில்லை. அவரின் கூறைச்சீலையும் அப்படித்தான் மண்ணுக்குள் போனது. கணவரின் ஒரு சாரம்கூட மிஞ்சவில்லை. நினைவுத் துணி தைக்க வந்தவரிடம் துணியே இல்லை. ரீச்சர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, கூறை என்ன நிறம் என்று மட்டும் கேட்டார். அரக்கு, கடுகு நிறக் கரை. அன்று மத்தியானமே இரண்டு பேரும் பெரிய கடைத் தெருப் பக்கம் போய் ஒரு யார் நீளத் துணி எடுத்து வந்திருக்கிறார்கள்.

அடுத்த கிழமை எங்களுக்கு மடிக்கணினியில் சில படங்கள் காட்டினார். சிலி நாட்டில் 1973 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் கந்தல் துணியை ஒட்டித் தைத்த படங்கள் அவை. சின்னச் சின்ன மனித உருவம், வீடு, மலை, ஒரு வெற்றுக் கதிரை. அவற்றை அர்ப்பில்யேரா என்கிறார்கள், அந்தச் சொல்லுக்கே சாக்குத் துணி என்றுதான் பொருளாம். அதைக் கேட்டதும் அக்கா நிமிர்ந்து பார்த்தார். பிறகு மற்றப் படங்களைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை, அந்த அரக்குத் துணியை எடுத்து உள்ளங்கையளவில் ஒரு மண்மூட்டை தைக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் எல்லோரும் சின்னத் தையல் பழகிக்கொண்டிருக்க, அவர் அரை விரல் நீளத்துக்குத் தையல் போட்டுக்கொண்டு போனார். அந்த இரவுகளில் அப்படித்தான் தைத்தாராம், விடிவதற்குள் அடுக்க வேண்டியிருந்தது. ரீச்சர் அதைத் திருத்தவில்லை. ஒரு தையல் வகுப்பில் இப்படி ஒரு ஆளை நான் இதுவரை கண்டதில்லை. அந்த ஒன்றுக்காகவே 12,000 கொடுக்கலாம்.

சரி, பிழைக்கு வருகிறேன். படத்தைத் துணிக்கு மாற்றும் வேலை. அம்மாவின் கலியாணப் படத்தை நகரில் ஒரு கடையில் கொப்பி எடுத்துக்கொண்டு போனேன். முறை இதுதான்: படத்தை இடவலம் மாற்றி அச்செடுத்து, அச்சு விழுந்த பக்கத்தில் அக்ரிலிக் ஜெல் பூசி, துணியில் கவிழ்த்து அழுத்தி, ஒரு இரவு நன்றாகக் காயவிட்டு, பிறகு ஈரப்படுத்தி முதுகுப் பக்கத்துக் கடதாசியை விரலால் தேய்த்து எடுக்க வேண்டும். தூள் மையில் எடுக்கிற லேசர் அச்சுத்தான் இதற்குச் சரிவரும். சாதாரண இங்க்ஜெட் அச்சில் தண்ணீர் பட்டால் மை கரைந்துவிடும். என்னுடையது இங்க்ஜெட். ஈரத்துணியை வைத்ததுதான் தாமதம், அம்மாவின் முகம் என் விரலுக்குக் கீழே நீலமாகக் கலைந்து பரவியது. நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய் நின்றேன், கொஞ்ச நேரம் உள்ளே வரவில்லை. லேசர் அச்சுத்தான் வேண்டும் என்று முதல் கிழமையே எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சொல்ல மறந்துவிட்டேன் என்று ரீச்சர் மன்னிப்புக் கேட்டார், உண்மையாகவே வருந்தினார், ஆனால் கையில் இருக்கிற ஒரே மூலப் படத்தை ஆராவது கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தயவுசெய்து மூலப் படத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஆனால் படம் கெட்டுப் போனதால்தான் திறப்பு உள்ளே வந்தது. அம்மாவின் வீடு வலிகாமம் வடக்கில். 1990 ஆனியில் வெளிக்கிட்டபோது முன்கதவைப் பூட்டி எடுத்து வந்த இரும்புத் திறப்பு, எத்தனை வீடு மாறினோமோ அத்தனை குசினிச் சுவரிலும் ஆணியில் தொங்கியது. 2017 இல் இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டுப் போய்ப் பார்க்க, கிணற்றுக்கட்டு மட்டும்தான் நின்றது, கதவும் இல்லை, கதவிருந்த சுவரும் இல்லை. அம்மா அதற்குப் பிறகும் திறப்பை ஆணியிலிருந்து எடுக்கவில்லை. ரீச்சரிடம் இதைச் சொன்னேன். வெள்ளைப் பருத்தித் துணியை வினாகிரியில் நனைத்து, திறப்பை அதற்குள் இறுக்கச் சுற்றி, பொலித்தீனில் கட்டி ஒரு நாள் வைக்கச் சொன்னார். அடுத்த நாள் அவிழ்த்தால் திறப்பின் பல்லு, வளையம், தேய்ந்த இடம் எல்லாம் துருவின் நிறத்தில் துணியில் பதிந்திருந்தது. பிறகு அப்பச்சோடாத் தண்ணீரில் அலச வேண்டும், இல்லாவிட்டால் புளிப்பு நின்றுகொண்டு துணியைக் கெடுக்கும். அலசினாலும் துரு மெல்ல மெல்லத் துணியைத் தின்னத்தான் செய்யும் என்று முதலே சொல்லிவிட்டார், அதனால் சீலையில் நேரே பதிக்காமல் தனித் துணியில் பதித்து, பின்னால் இன்னொரு துணி கொடுத்துத் தைத்தேன்.

என் அபிப்பிராயம், படத்தை விட்டுவிடுங்கள். படம் நமக்கு எங்கேயும் இருக்கிறது, கண்ணீர் அஞ்சலி நோட்டீசில் இருக்கிறது, அந்தியேட்டிக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் இருக்கிறது, சுவரில் மாலையோடு இருக்கிறது. அவர் தொட்ட சாமானும் அவரின் கையெழுத்தும்தான் துணியில் நிற்க வேண்டும். கையெழுத்துக்கு அந்த வகுப்பில் காட்டிய வழி மிகவும் நல்லது: மெல்லிய ரிஷூக் கடதாசியில் எழுத்தை அப்படியே வரைந்து, துணியின் மேல் வைத்து, கடதாசிக்கு மேலாலேயே தைத்துவிட்டுப் பிறகு கடதாசியைக் கிழித்து எடுப்பது. நான் தைத்தது அம்மாவின் மிளகாய்த்தூள் கணக்கு, செத்தல் இவ்வளவு, மல்லி இவ்வளவு என்று அரைக்கக் கொடுக்க முன் எழுதி வைத்த ஒரு துண்டு. 'ள' எழுதும்போது அம்மா வாலை அடுத்த எழுத்துக்குக் கீழே வரைக்கும் இழுத்துவிடுவார், இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அது தெரியாது, ஊசி அந்த வழியால் போனபோதுதான் தெரிந்தது.

மற்றக் குறைகள். 5 கிழமை போதாது, 7 ஆக்கினால்தான் நிம்மதியாக முடிக்கலாம். நான் முதலில் 6 அடி நீளத்தில் செய்யத்தான் நினைத்தேன். அமெரிக்காவில் எயிட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காகத் தைத்த பெரிய துணியில் ஒருவருக்கு 3 அடிக்கு 6 அடி, ஒரு சவக்குழியின் அளவு என்றும், 1987 இல் வாஷிங்டனில் முதன்முதல் விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன என்றும் முன்பு எங்கோ வாசித்தது மனதில் நின்றது. ரீச்சர் கேட்டுவிட்டு 2 அடிக்கு ஒன்றரை அடி போதும் என்றார். அவர் சொன்னது சரி, அதற்கே கடைசி நாள் ஓட்டமாகிவிட்டது. பிளாஸ்டிக் கதிரையில் 4 மணித்தியாலம் குனிந்திருந்தால் முதுகு பிடிக்கும், ஒரு தலையணை கொண்டுபோங்கள். கண் கொஞ்சம் மங்கலானவர்களுக்கு அந்த விறாந்தை வெளிச்சம் போதாது.

பிறேம் போடும் விஷயத்தைக் கடைசி அரை மணித்தியாலத்தில் அவசரமாகச் சொல்லி முடித்தார். அது பிழை. எங்களில் ஒருவர் நகரில் பிறேம் போட்டபோது கண்ணாடியைத் துணியோடு ஒட்ட வைத்துவிட்டார்கள், கார்த்திகை மழை முடிவதற்குள் உள்ளே பூஞ்சணம். கண்ணாடி வேண்டுமென்றால் துணிக்கும் அதற்கும் நடுவில் மரச்சட்டம் கொடுத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். நான் கண்ணாடி போடவில்லை, மேல் ஓரத்தில் ஒரு மடிப்புத் தைத்து, தடி செருகி, வெயில் நேரே படாத சுவரில் தொங்கவிட்டேன். மிச்சப் பட்டுச் சீலைகளை மடிக்காமல் உருளையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, ரீச்சர் இதை வாசித்தால்: கிளிநொச்சியில் ஒரு தடவை இந்த வகுப்பை வையுங்கள். அந்த அக்கா ஒவ்வொரு சனியும் விடிய வெளிக்கிட்டு வந்தார், வர வசதியில்லாதவர்கள் அங்கே நிறையப் பேர்.

அடுத்த வகுப்பு நல்லூர்த் திருவிழா 25 நாளும் முடிந்த பிறகுதான். போகிறவர்களிடம் பருத்தித் துணி எல்லாவற்றையும் முதலே துவைத்துக் கொண்டுவரச் சொல்வார், காரணம் சரிதான், துவைக்காத துணி தைத்த பிறகு சுருங்கும், வேர்வையும் எண்ணெயும் இருந்தால் பூச்சி வரும். ஆனால் ஒரு சட்டையை மட்டும் துவைக்காமல் எடுத்து, பையில் சுற்றி, தனியாக வையுங்கள். எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. பட்டுகளில் பூச்சி உருண்டை மணம் மட்டும்தான் இருந்தது. அம்மாவின் மணம் இருந்த வீட்டுச் சீலைகள், சட்டைகள் அத்தனையையும் நான் ஒரே காலையில் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டேன்.