குளிர்காலத்துல பெனடிக்டைன் மடத்து கெஸ்ட் ஹவுஸ்: போகலாமா?

புனித பெனடிக்டோட விதிகள்படி வாழ்ற கிறிஸ்தவத் துறவிகளோட மடங்கள்தான் பெனடிக்டைன் மடங்கள், அதுல பண்ணை வச்சிருக்கிற மடங்கள்ல வெளியாட்கள் தங்க கெஸ்ட் ஹவுஸ் இருக்கும். பெரும்பாலும் கோடையில போகத்தான் எல்லாரும் பாக்குறாங்க, நான் தங்கினது நல்லா பனி கொட்டுற நேரத்துல, ஊருக்கு ரொம்ப தள்ளி ஆட்டுப்பண்ணையோட இருக்கிற ஒரு மடத்துல. என்னைக் கேட்டா குளிர்காலத்துலதான் போகணும், அங்க ஜெபமும் பண்ணை வேலையும் எப்படி ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்குன்னு அப்பதான் நல்லா தெரியும்.

ரூம்ல ஒரு கட்டில், மேஜை, சிலுவை, ரெண்டு கம்பளி, அவ்ளோதான். ஹீட்டர் சுமார், ஸ்வெட்டரோடதான் தூங்கணும். கோயிலுக்குப் போற நடைபாதையில ஐஸ் உறைஞ்சு பயங்கரமா வழுக்குது, வயசானவங்களும் விடியறதுக்கு முன்னாடி இருட்டுல அதுல நடக்குறாங்க, இது பெரிய குறைதான். விருந்தினரை கவனிச்சுக்கிற பிரதர்கிட்ட சொன்னேன், மறுநாள் மணல் கொட்டி இருந்துச்சு.

சாப்பாடு எளிமை, ஆனா வயிறு நிறையும். பருப்பு சூப், அங்கயே சுட்ட ரொட்டி, சீஸ். யாரும் பேசக்கூடாது, ஒருத்தர் புத்தகம் வாசிப்பார், மத்தவங்க கேட்டுக்கிட்டே சாப்பிடணும். சீஸை மடங்கள்ல சும்மா பேருக்கு செய்றாங்கன்னு நினைக்காதீங்க, அமெரிக்காவுல கனெக்டிகட்ல இருக்கிற ரெஜினா லாடிஸ் மடத்து மதர் நோயெல்லா மார்செலினோ காய்ச்சாத பால்ல சீஸ் செய்றவங்க, சீஸ் மேல வளர்ற பூஞ்சையை ஆராய்ஞ்சே டாக்டர் பட்டம் வாங்கினவங்க.

இனி பட்டிக்கு வர்றேன், இதுக்காகவே மறுபடியும் போவேன். கேட்டு அனுமதி வாங்கிட்டா காலையில அவங்களோட சேர்ந்து வேலை செய்ய விடுறாங்க. தண்ணித் தொட்டியில உறைஞ்ச ஐஸை உடைக்கணும், காய்ஞ்ச புல்லை அள்ளிப் போடணும், குளிர் ஏற ஏற புல்லும் ஜாஸ்தி போடணும், ஏன்னா ஆடு அதை செரிக்கும்போது வர்ற சூடுதான் அதோட உடம்பைக் காக்குது. ஆட்டு முதுகுல பனி கரையாம அப்படியே கிடந்துச்சு, பாவமேன்னு நான் தட்டி விடப் போனேன், வேண்டாம்னார் பண்ணை பிரதர், உள்சூடு ரோமத்தை தாண்டி வெளிய போகலன்னு அர்த்தமாம். பட்டியையும் முழுசா அடைக்க மாட்டாங்க, காத்து போகலன்னா ஈரமும் மூத்திர வாடையும் தேங்கி ஆட்டுக்கு நெஞ்சுல சளி கட்டிடும்.

ஒரு விடியற்காலையில குட்டி ஒண்ணு அப்பதான் பொறந்து ஈரமா நடுங்கிக்கிட்டு கிடந்துச்சு. பிரதர் அது வாய்க்குள்ள விரலை விட்டுப் பாத்தார், வாய் சில்லுன்னு இருந்தா உடம்பு சூடு இறங்கிடுச்சுன்னு அர்த்தம். உடனே துண்டால தேய்ச்சு, தொப்புள்ல அயோடின் வச்சு, தாய்கிட்ட பிடிச்சு சீம்பால் குடிக்க வச்சார், எல்லாம் முடியறதுக்குள்ள மணி அடிச்சிடுச்சு, மனுஷன் கையைக் கழுவிட்டு ஓவர்கோட்டை கழட்டிப் போட்டு அங்கியோட காலை ஜெபத்துல போய் நின்னு திருப்பாடல் பாடுறார், அங்கி ஓரத்துல வைக்கோல் ஒட்டிக்கிட்டு இருக்கு.

ஆறாம் நூற்றாண்டுல புனித பெனடிக்ட் எழுதின 'ஒழுங்கு'ங்கிற விதிநூலை நான் அதுக்கப்புறம்தான் ஒழுங்கா படிச்சேன். நவம்பர் 1ல இருந்து ஈஸ்டர் வரைக்கும் துறவிகள் பாதி ராத்திரிக்கு மேலயும் கொஞ்சம் தூங்கி, சாப்பிட்டது செரிச்சப்புறம் எழுந்திரிக்கட்டும்னு 8ஆம் அதிகாரத்துல இருக்கு. குளிர்காலத்துக்கு தடிச்ச கம்பளி அங்கின்னு 55ல. மடத்து கருவிகளை பீடத்துல வைக்கிற புனித பாத்திரம் மாதிரி பாத்துக்கணும்னு 31ல இருக்கு, அங்க வாளியை எல்லாம் கழுவித் துடைச்சு வரிசையா கவுத்து வச்சிருக்கிற அழகைப் பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும்.

கட்டணம்னு கறாரா எதுவும் இல்ல, காணிக்கைதான், முடிஞ்சதை தாராளமா குடுங்க, தீவனச் செலவு குளிர்லதான் எகிறும். ராத்திரி கடைசி ஜெபம் முடிஞ்சா விடியற வரைக்கும் மவுனம், சின்னக் குழந்தைகளோட போறவங்களுக்கு கஷ்டம். உள்ள கம்பளித் துணி வச்ச ரப்பர் பூட்ஸ், டார்ச், ரெண்டு ஜோடி கையுறை கட்டாயம் எடுத்துட்டுப் போங்க, ஒரு ஜோடி எப்பவும் ஈரமாத்தான் இருக்கும். குட்டி போடுற சீசன்ல போகணும்னா முன்கூட்டியே எழுதிக் கேளுங்க, தேதி மடத்துக்கு மடம் மாறும்.