ஸ்டார்ட் ஆகாத ஈஸ்வரா, கொதிக்கிற ஈஸ்வரா: யாரை முதலில் சந்தேகிப்பது?

மலேசியாவின் தாப்பா வட்டாரத் தோட்டங்களில் புரோட்டோன் கம்பெனியின் பழைய காடிகளான (கார்களான) சாகாவும் ஈஸ்வராவும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 1985இல் சாகா வந்தது, 1992இல் அதை மாற்றியமைத்து ஈஸ்வரா வந்தது. எங்கள் வீட்டில் இருப்பது கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் சாமான்) வைத்த 1.3 லிட்டர் ஈஸ்வரா. செம்பனைக் காட்டில் உழைத்து அப்பா வாங்கிய காடி, விற்க மனம் வரவில்லை.

ஆனால் அதற்கு இரண்டு நோய். சில நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கேமரன் மலைக்கு ஏறினால், லாத்தா இஸ்கண்டார் அருவி வருவதற்குள் வெப்ப முள் சிவப்பைத் தொட்டுவிடும். வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை: “பேட்டரிய மாத்து”, “தெர்மோஸ்டாட்ட கழட்டிடு”, “ரேடியேட்டர் போச்சுப்பா”. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காடிக்குச் சரிதான். நம் காடிக்கு எது சரி என்பதைக் காசு கொடுக்கும் முன்பே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

பேட்டரியா, ஸ்டார்ட்டரா, எர்த் கேபிளா?

முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கிச் செத்துப்போனால் பேட்டரியில் சத்து இல்லை, அல்லது டெர்மினல் லூசாக இருக்கிறது. விளக்கு பளிச்சென்று எரிய, ‘டிக்’ சத்தம் மட்டும் வந்தால் பேட்டரியை விட்டுவிடுங்கள். எஞ்சினை முதலில் சுற்றிவிடும் மோட்டாரான ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, அல்லது ஸ்டார்ட்டரே தேய்ந்துவிட்டது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு புது பேட்டரி வாங்கினேன். மூன்றாம் நாளே அதே ‘டிக்’. பழைய பேட்டரியோடும் விளக்கு பளிச்சென்றுதான் எரிந்தது, நான்தான் கவனிக்கவில்லை. கடைசியில் எங்கள் போர்மேன் (மெக்கானிக்) அண்ணன் குனிந்து, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிளை விரலால் தேய்த்துக் காட்டினார். நுனியில் பச்சைப் பொடி அப்பியிருந்தது, உள்ளே செம்புக் கம்பியில் பாதி இற்றுப்போயிருந்தது. “தம்பி, போற வழி நல்லா இருக்கு, திரும்பி வர்ற வழி அடைச்சிருக்கு” என்றார்.

ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையைப் பெயின்ட் இல்லாத எஞ்சின் இரும்பிலும் மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே சுற்றினால் குற்றவாளி எர்த் கேபிள். அப்போதும் வெறும் ‘டிக்’ என்றால் சந்தேகம் ஸ்டார்ட்டர் பக்கம் போகிறது.

வோல்ட் மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. ராத்திரி முழுக்க நின்ற காடியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். ஸ்டார்ட் செய்யும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் அந்த பேட்டரியை நம்ப முடியாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வராவிட்டால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள், புது பேட்டரியும் அதோடு சேர்ந்து செத்துப்போகும்.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் அது வேறு கதை. மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் அப்படி என்றால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே ஈரமும் விரிசலும் இருக்கிறதா என்று பாருங்கள். சூடான காடியைக் கடையோரம் பத்து நிமிடம் நிறுத்தி எடுக்கும்போது மட்டும் என்றால், எஞ்சின் சூட்டில் கார்புரேட்டர் பெட்ரோல் பொங்கி உள்ளே வழிந்திருக்கலாம். அப்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். மிதித்து மிதித்து விட்டால் பெட்ரோல் இன்னும் கூடித்தான் போகும்.

நிற்கும்போது கொதிக்கிறதா, ஏறும்போது கொதிக்கிறதா?

இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது முள் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் வேலை செய்யவில்லை. ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு சுவிட்சிலோ ரிலேயிலோ ஃபியூஸிலோதான்.

சமதரையில் ஒழுங்காக ஓடி, ஏற்றத்தில் மட்டும் கொதித்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது தண்ணீரின் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் மூடியிலிருந்து தொடங்குங்கள், இருப்பதிலேயே மலிவான சாமான் அதுதான். 0.9 பார் மூடி ஒழுங்காகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 119 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் இறுகிப்போன மூடி அதை 100லேயே கொதிக்க விட்டுவிடும். சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியில் கை வைக்காதீர்கள்.

அப்புறம் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. “நம்ம ஊருல குளிர் ஏது, அது எதுக்கு?” என்று கழற்றி எறிவது இங்கே பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. மூடியபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டை வழியில் கழற்றி வீடு வந்து சேர்வது சரி, அப்படியே வருஷக்கணக்கில் ஓட்டுவது சரியில்லை. எஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். அதோடு, அடைத்துக்கொண்டிருக்கும் ரேடியேட்டர் வெளியே தெரியாமல் மறைந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் அதைக் கழற்றி, நூலில் கட்டி ஒரு சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். அதன் மேலேயே 82 என்றோ 88 என்றோ அடித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டி நடுத்தட்டு மெல்ல விலகுவது கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அசையாவிட்டால் புதிது வாங்குங்கள்.

வெறும் தண்ணீரா, கூலண்டா? சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டி. ஆனால் எஞ்சின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து கூலண்டில்தான் இருக்கிறது. எங்கள் ரேடியேட்டர் பல வருஷம் குழாய்த் தண்ணீரிலேயே ஓடியது. திறந்தபோது தேயிலைச் சாயம் மாதிரி துருத் தண்ணீர் வந்தது. எஞ்சின் சூடேறியதும் அணைத்துவிட்டு, ஃபேன் ஒயரைக் கழற்றிவைத்து, ரேடியேட்டரின் முகத்தில் கையைக் கொண்டுபோனேன். மேலே சூடு, கீழே ஒரு மூலை மட்டும் சில்லென்று இருந்தது. உள்ளே அடைப்பு அந்த இடத்தில்தான்.

செம்பு ரேடியேட்டர் என்றால் மேல்தொட்டியைக் கழற்றி, குழாய்களைக் குத்தித் துப்புரவு செய்து திரும்பப் பற்றவைக்கலாம். எங்களுடையது செம்பு, தகடுகளும் உறுதியாக இருந்தன. அதனால் நான் அதையே செய்தேன். விரல் பட்டதும் தகடு உதிர்ந்தால் அந்தச் செலவு வீண், புது அலுமினிய ரேடியேட்டரே மேல். பழைய காடிகளைப் பிரித்து சாமான் விற்கும் ஹாஃப் கட் கடையில் ஸ்டார்ட்டர் வாங்குவேன், சுற்றிப் பார்த்து வாங்கலாம். ரேடியேட்டர் வாங்க மாட்டேன், அதன் உள்ளே எவ்வளவு துரு என்று வெளியிலிருந்து தெரியாது.

இத்தனையும் சரியாக இருந்து, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலோ, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, எஞ்சின் எண்ணெய் தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தாலோ கோளாறு ஹெட் கேஸ்கட்டில், அதாவது பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டில். அப்போது “மெதுவா ஓட்டிப் பட்டறைக்குப் போயிடலாம்” என்று நினைக்காதீர்கள். அந்த ஓட்டத்திலேயே அலுமினிய ஹெட் வளைந்துவிடும். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.