11,800 ரூபாய்க்கு வந்த ஸ்ட்ரட் பார்: பழைய 800 வச்சிருக்கவங்க காசு போடுறதுக்கு முன்னாடி படிச்சிருங்க

பழைய டப்பா ஷேப் மாருதி 800-க்கு ஸ்ட்ரட் பார் செய்யச் சொல்லி ஆன்லைன்ல அட்வான்ஸ் போடப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க. (ஸ்ட்ரட் பார்னா, முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் ரெண்டோட தலையும் உட்கார்ற டவர்களை பானெட் அடியில குறுக்கா இணைக்கிற கம்பி.) போனது 11,800 ரூபாய். பார்சல் வந்து நாலு நாள்தான் ஆச்சு, ஆத்திரம் அடங்கலை. ஆர்டர் கொடுக்கும்போது என்னென்ன கேட்கணும்னு கடைசியில வரிசையா எழுதறேன்.

கடை பேர் போடலை. பழைய வண்டிகளுக்கு "அளவெடுத்து" பார்ட்ஸ் செஞ்சு கொரியர்ல அனுப்புற, மலைக்குக் கீழே சமவெளியில இருக்கிற பட்டறை ஒண்ணு. எல்லாம் போன்லதான்.

நம்ப வச்சது ஒரே கேள்விங்க. "சார், டவர் டு டவர் அளவு எடுக்கும்போது வண்டி சக்கரத்துல நின்னுச்சா, ஜாக்குல நின்னுச்சா?" வேலை தெரிஞ்சவன்தான் இதைக் கேட்பான். ஜாக்குல தூக்கிட்டா வண்டியோட எடை டவர் மேல உட்காராது, பாடி வேற மாதிரி நிக்கும். அந்த அளவுக்குப் பார் செஞ்சா, கீழே இறக்கினதும் பாரோட ஓட்டையும், டவர் மேல நீட்டிக்கிட்டிருக்கிற ஸ்டட் போல்ட்டும் சேராது. இதையே கேட்கிற ஆள் ஏமாத்துவான்னு யாருக்குத் தோணும்?

குன்னூர்ல சமதரை தேடிப் பிடிச்சு வண்டியை நிறுத்தி, ரெண்டு டவர் தலைக்கும் அட்டையில டெம்ப்ளேட் வெட்டி, குறுக்களவு மூணு தடவை எடுத்து, டவர்களுக்கு நடுவுல நூல் கட்டி, பானெட் அடியில களிமண் உருண்டை வச்சு மூடித் திறந்து கேப் பார்த்து, அத்தனையும் அனுப்பியாச்சு. பார் நேராப் போக இடம் இருக்குன்னு போட்டோவே போச்சு. பேசினது இதுதான்: டவர் தலையில உட்கார 4 மில்லி எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட், 25 மில்லி வெளிவிட்டத்துல 2 மில்லி கனக் குழாய், ரெண்டு முனையிலும் ராட் எண்ட் (மரை வச்ச பால் ஜாயிண்ட்), அதுல ஒண்ணு இடது மரை. அப்பதான் குழாயைத் திருகியே நீளத்தைச் சரி பண்ண முடியும். அட்வான்ஸ் 5,000, அனுப்புறதுக்கு முன்னாடி 6,800. ஆக 11,800.

வந்தது என்ன தெரியுமா? ராட் எண்டே இல்லை. குழாய் முனையைத் தட்டையா நசுக்கி ஓட்டை போட்டிருக்காங்க. 10 மில்லி ஓட்டையில 8 மில்லி போல்ட். கையில பிடிச்சு ஆட்டினாலே டக்டக்னு சத்தம் வருது. டவர் ஆடுறது ஒரு மில்லிக்கும் குறைவா; அதைப் பிடிக்கத்தான் பாரே. 2 மில்லி லூஸா இருக்கிற பார் எதைப் பிடிக்கும்? நடுவுல ஒரு வளைவு வேற. வளைஞ்ச குழாயை ரெண்டு பக்கமிருந்தும் அமுக்கினா அது ஸ்பிரிங் மாதிரி வளைஞ்சு கொடுக்கும்.

பிளேட் 4 மில்லி இல்லை, 2 மில்லி. வெல்டிங் வெளிப்பக்கம் மட்டும். பவுடர் கோட்டிங்கைச் சுரண்டிப் பார்த்தா வெல்டு உலோகத்துல இறங்காம மேலாப்புல உருண்டு நிக்குது. டெம்ப்ளேட்ல துல்லியமா குறிச்ச ஸ்டட் ஓட்டைக்குப் பதிலா 16 மில்லி நீளத்துக்கு வாய் பிளந்த ஸ்லாட். அளவெடுத்துச் செஞ்சதே இல்லை, எந்த வண்டிக்கும் மாட்டுற மாதிரி அடிச்சு வச்சிருந்த பார்.

மாட்டி, பிளேட்டுக்கும் டவருக்கும் குறுக்கா மார்க்கர்ல கோடு போட்டு, மலைப்பாதையில பர்லியாறு வரைக்கும் இறங்கி ஏறிப் பார்த்ததுல கோடு 3 மில்லி விலகியிருந்தது. ஸ்லாட்ல பிளேட்டைப் பிடிச்சு வைக்கிறது நட்டோட இறுக்கம் மட்டும்தான். நட்டுக்கு அடியில தடிமனா பவுடர் கோட்டிங் இருந்தா, அது அமுங்க அமுங்க இறுக்கம் குறையும். ஒவ்வொரு கொண்டை ஊசியிலயும் லோடு இடமும் வலமுமா மாறும்போது பிளேட் நழுவாம என்ன செய்யும்?

போன் பண்ணா முதல் நாள், "ஓனர் வெளியூர் போயிருக்காருங்க." ரெண்டாவது நாள், "வெல்டர் லீவு, வந்ததும் கேட்டுச் சொல்றேங்க." மார்க்கர் கோட்டோட போட்டோ அனுப்பினா, "உங்க வண்டி பாடி வளைஞ்சிருக்கு சார், பார்ல ஒண்ணும் தப்பில்லை." நேத்து, "கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் இல்லைங்க." 11,800 ரூபாய் வாங்கிட்டு கஸ்டமே செய்யாதவங்க சொல்ற வார்த்தை! இன்னைக்கு மெசேஜ் பார்த்துட்டுப் பதிலே இல்லை.

அந்தக் கடையோட ஆன்லைன் பக்கத்துல அம்பாசடருக்கும் பத்மினிக்கும் "ஸ்ட்ரட் பார்" விக்கிறாங்க. அந்த ரெண்டு வண்டியிலயும் முன்பக்கம் ஸ்ட்ரட்டே கிடையாது; அம்பாசடர்ல டார்ஷன் பார், பத்மினியில விஷ்போன். இதைப் பார்த்ததுமே விலகியிருக்கணும்.

எழுத உட்கார்ந்தா கை நடுங்குது, அதனால சுருக்கமா:

முழுக் காசையும் முன்னாடி கொடுக்காதீங்க. பவுடர் கோட்டிங் போடுறதுக்கு முன்னாடி வெல்டு போட்டோ கேளுங்க, ரெண்டு பக்கமும். ஸ்லாட் இருந்தா வேண்டாம். பிளேட் தடிமனை வெர்னியர் வச்சுக் காட்டச் சொல்லுங்க. ரொம்ப தடிமனாவும் போகாதீங்க, ஸ்டட்ல நட்டுக்கு மரை பத்தாது.

முடிஞ்சா உள்ளூர் வெல்டர்கிட்டயே போங்க. பேட்டரி வயரைக் கழட்டிட்டு, பிளேட்டை டவர்ல மாட்டி, வண்டியிலயே டாக் (அங்கங்கே சின்னப் புள்ளி வெல்டு) வச்சு, வெளியே எடுத்து முழு வெல்டு போட்டாலே போதும். அதுக்கும் முன்னாடி டவர் ஓரத்தை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. நம்ம மலைப் பனிக்கும் மழைக்கும் அங்கதான் துரு பிடிக்கும். துருப்பிடிச்ச தகரத்துல பார் மாட்டினா பிளேட்டோட பிய்ச்சுக்கிட்டு வரும்.

1915 ஹெல்ப்லைன் நம்பர்ல நுகர்வோர் புகார் பதிஞ்சாச்சு. 11,800 ரூபாய். ஏதாவது பதில் வந்தா இங்கேயே எழுதறேன்.