காகெமுஷா: உப்பைத் தின்னாதவனின் விசுவாசம்

போர்ப் படத்தில் விசுவாசம் என்றாலே ஒருவர் மார்தட்டி வசனம் பேசிவிட்டுச் சாவார். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'காகெமுஷா'வில் ('நிழல் வீரன்', 1980) உயிரைக் கொடுக்க வருபவன் ஒரு திருடன். செஞ்சோற்றுக் கடன் என்று அவனுக்கு எதுவும் இல்லை.

1573-இல் ஜப்பானின் போர்க்குலங்களில் ஒன்றான தகேதா குலத்தின் தலைவர் ஷிங்கென் இறக்கிறார். சாவை மூன்று ஆண்டு மறைக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. அச்சு அசலாக அவரைப் போலவே இருப்பதால் மரண தண்டனையிலிருந்து தப்பிய திருடன் அவர் இடத்தில் அமர்கிறான். இரண்டு வேடத்திலும் தாத்சுயா நகாதாய்.

திருடன் மனம் மாறுவதை எந்த வசனமும் சொல்வதில்லை. இரவுப் போர்க்களத்தில் அவன் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்தால் படை கலைந்துவிடும். குண்டு வரும் பக்கம் மெய்க்காவலர்கள் உடம்பால் சுவர் கட்டுகிறார்கள். இவன் போலி என்று தெரிந்தே அவன் முன்னால் விழுந்து சாகிறார்கள். படத்தின் உச்சம் இதுதான், இறுதிப் போர் அல்ல. எல்லோரையும் நம்பவைத்தாலும் ஷிங்கெனின் குதிரையிடம் மட்டும் அவன் பாச்சா பலிக்காது.

1575 நாகஷினோ போரில் மரவேலிக்குப் பின்னாலிருந்து தகேதாக்களின் எதிரி நோபுநாகா தரப்பின் துப்பாக்கிகள் வெடிக்கின்றன. சுடுபவர்களைக் காட்டுகிறார் குரோசவா, பார்ப்பவர்களின் முகத்தைக் காட்டுகிறார். குண்டு பட்டு விழும் கணத்தைக் காட்டவே இல்லை. ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் சரியான முடிவு. அதன்பின் களத்தில் துடிக்கும் குதிரைகளைத்தான் கொஞ்சம் நீட்டிவிட்டார். ஷின்இச்சிரோ இகெபேயின் இசையும் சில இடங்களில் காட்சியை மீறி முழங்குகிறது.

வரலாறாக நம்ப வேண்டாம். மறைந்திருந்த ஒருவன் ஷிங்கெனைச் சுட்டான் என்று படம் சொல்வது கர்ணபரம்பரைக் கதை. நோயால் இறந்தார் என்பதே பெரும்பாலோர் கருத்து. துப்பாக்கி வீரர்கள் மூன்று வரிசையாக மாறி மாறிச் சுட்டார்கள் என்பதையும் இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை.

வட்டு வாங்கும்முன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். முழுப் படம் 180 நிமிடம். வெளிநாடுகளுக்காக வெட்டியது 162. வெட்டில் நடிகர் தகாஷி ஷிமுராவின் பகுதி போய்விட்டது. கிரைட்டீரியன் நிறுவன வட்டில் முழுப் படம் இருக்கிறது. பழைய பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை டிவிடியில் படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடும். அதில் 173 என்று இருந்தால் முழுசு, 155 என்றால் வெட்டியது.