கதவு திறந்திருக்கிறது, பதிவேடு பாதிதான்

விலங்குக் காப்பகத்துக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குட்டிகள் எவ்வளவு அழகு, ஊழியர்கள் எவ்வளவு அன்பு என்று எழுதுவார்கள். நான் தணிக்கை வேலையில் தலை நரைத்தவன். அன்பை அளக்கத் தெரியாது, கணக்குப் பார்க்கத் தெரியும். பொதுப்பணத்தில் நடக்கும் எங்கள் பகுதிக் காப்பகம் மக்களுக்கு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

பார்வை நேரத்தில் யாருடைய சிபாரிசும் இல்லாமல் உள்ளே போகலாம். தொற்றுப் பிரிவுக்குள் மட்டும் விடமாட்டார்கள், அது சரிதான். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நம் செருப்பில் ஒட்டிக்கொண்டே அடுத்த கூண்டுக்குப் போய்விடும், தரையில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். அதற்காக மூடி மறைக்கவில்லை. கண்ணாடிச் சன்னல் வைத்திருக்கிறார்கள், வெளியே நின்றே பார்க்கலாம். ஒரு நட்சத்திரம் அந்தச் சன்னலுக்கே.

சிக்கல் மாதாந்திர அறிக்கையில். உயிரோடு வெளியேறியவற்றின் விகிதத்தை வாசலில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். 90 சதவீதத்தைத் தொட்டால் ‘கொல்லாத காப்பகம்’ என்று சொல்லிக்கொள்வது பரவலான வழக்கம். ஆனால் எதை எதால் வகுத்தார்கள்? அமெரிக்க விலங்குநல அமைப்புகள் 2004-இல் கூடி வகுத்த அசிலோமர் சூத்திரப்படி, காப்பகத்திலேயே செத்தவையும் தொலைந்தவையும் அந்த விகிதத்தில் சேராது. 100 விலங்குகளில் 80 தத்துப் போய், 10 கருணைக்கொலையாகி, 10 கூண்டிலேயே செத்தால், நியாயப்படி 80 சதவீதம். சூத்திரப்படி 80-ஐ 90-ஆல் வகுத்து, கிட்டத்தட்ட 89. இங்கேயும் அப்படித்தான் போடுகிறார்கள், அடிக்குறிப்புகூடக் கிடையாது. செத்தவற்றின் எண்ணிக்கை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘இதர’ என்ற தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கிறது.

ஆரம்ப இருப்பு, வரவு, வெளியேற்றம், இறுதி இருப்பு. இந்த நான்கும் இருந்தால் எந்தப் பேரேட்டையும் சரிபார்க்கலாம். அறிக்கையில் இறுதி இருப்பே இல்லை. ஏன் என்று கேட்டேன். “தினமும் வந்து போய்க்கிட்டே இருக்கும் சார், எப்படி எண்ணுறது?” என்றார் மேலாளர். தானியக் கிடங்குகளிலும் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன். ராத்திரி கதவைப் பூட்டும்போது எண்ணலாம், ஐயா.

அப்புறம் கூண்டு அட்டைகள். ஒவ்வொரு கூண்டிலும் வந்த தேதி, எடை, தடுப்பூசி, சாப்பிட்டதா, கழித்ததா எல்லாம் குறிக்கும் அட்டை தொங்குகிறது. ஏற்பாடு அருமை. ஒரு பழுப்பு நாயின் அட்டையை நின்று படித்தேன். ஒரு வாரம் முழுவதும் காலையும் மாலையும் ‘சாப்பிட்டது’ என்று டிக். எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, கோடு போட்டது போல நேராக. அந்தந்த வேளையில் போட்ட டிக் அப்படி இருக்காது. ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்பியது. அதே அட்டையில் எடை மட்டும் இரண்டு முறை குறைந்திருக்கிறது. தராசுக்குப் பொய் சொல்லத் தெரியாதே. நான் காட்டியதும் மருத்துவர் உடனே வந்து பல்லைப் பார்த்தார், ஈறு வீங்கியிருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இத்தனை கூண்டுக்கு ஒரே மருத்துவர்.

கழுவும் முறையும் மாற வேண்டும். நாயை உள்ளே வைத்துக்கொண்டே குழாயால் அடிக்கிறார்கள். ஈரத்தில் நடுங்கியபடி அது மூலையில் ஒண்டுகிறது.

மேற்பார்வைக் குழு என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களில் பாதிப்பேர் காப்பகத்தின் நன்கொடையாளர்கள். முன்னறிவிப்பு இல்லாமல் அவர்கள் வந்து பார்த்ததாக நான் படித்த கூட்டக் குறிப்பு எதிலும் இல்லை. கூட்டத்துக்கு யாரும் போகலாம். கேள்வியை எழுத்தில் முன்கூட்டியே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாயால் கேட்டதைக் குறிப்பில் ஏற்றுவதில்லை.