சத்துப் பவுடர் என்று நம்பி 23,400 ரூபாய் கொடுத்தேன்: வேலூர்க்காரர்கள் கவனத்துக்கு

நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 23,400 ரூபாய். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவனுக்கு அது எத்தனை நாள் உழைப்பு என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிசு என் பையனுடைய உடம்பும், அவன் கைக்கு வந்து போன நேஷனல் போட்டி வாய்ப்பும். கடையின் பேரை எழுதவில்லை. புகார் கொடுத்து முடிகிறவரை பேர் வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார். வேலூரில் புரோட்டீன் பவுடரும் ஜிம் சாமானும் விற்கிற ஒரு கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க டப்பா. இந்த மாதிரிக் கடையில் என்னென்ன பார்த்து வாங்கணும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

பையனுக்கு 19 வயசு. காலேஜ் இரண்டாம் வருஷம். பளு தூக்குகிறான். சத்துவாச்சாரி பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினது எங்கள் ஊர்ப் பசங்களுக்கு மனப்பாடம். மெடல் வந்தால் ரயில்வேயிலோ மிலிட்டரியிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைக்கும் என்பதுதான் எங்களைப் போன்ற வீடுகளின் கணக்கு. என் பையன் ஆறாம் வகுப்பிலிருந்து காலை ஐந்து மணிக்கு எழுந்து போகிறான். இந்த வருஷம் ஸ்டேட்டில் இரண்டாம் இடம் வந்து, ஜூனியர் நேஷனலுக்குப் பேரும் வந்தது.

அந்த வாரம்தான் அவனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். அவனுக்குப் பளு தூக்கக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர் அப்போது கேம்ப்புக்காக வெளியூர் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருந்திருக்கலாம்.

கடைக்காரன் என்னை நடத்தின விதத்தைச் சொன்னால்தான் நான் ஏன் ஏமாந்தேன் என்று புரியும். "உக்காருங்க அண்ணா" என்று நாற்காலி போட்டான். டீ வரவழைத்தான். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்றதும் டீ கொண்டுவந்த கடைப் பையனைத் திருப்பி அனுப்பிச் சர்க்கரை இல்லாமல் வேறு டீ வாங்கிவரச் சொன்னான். அப்புறம் என் மகனின் கையை வாங்கி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். கம்பி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "இந்தக் கையப் பாத்தாலே தெரியுது அண்ணா, தம்பி நேஷனல் அடிப்பான்" என்றான். தானும் பளு தூக்கினவன்தான் என்று பேன்ட்டை முழங்கால்வரை தூக்கி, கம்பி உரசின தழும்பைக் காட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் கஷ்டம் தெரிந்த ஆள் என்று நினைத்தேன்.

நான் கேட்காமல் இல்லை. நேராகவே கேட்டேன்: "இதுல ஊக்கமருந்து ஒண்ணும் இல்லையே? டோப் டெஸ்ட்டுல மாட்டாதே?" கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த வள்ளிமலை முருகன் படத்தைக் காட்டி, "சத்தியமா எல்லாம் லீகல் அண்ணா, மூலிகைதான். என் அக்கா பையனுக்கே இதத்தான் குடுக்கறேன்" என்றான். ஒரு பவுடர் டப்பா, ஒரு கேப்சூல் டப்பா. மாதம் 7,800. மூன்று மாதக் கோர்ஸ். பில் கேட்டபோது, "பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்று துண்டுக் காகிதத்தில் தொகையை எழுதிக் கொடுத்தான். எனக்கு நல்லது செய்கிறான் என்றே எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னான்: "மாஸ்டர்கிட்ட இதெல்லாம் சொல்லிக்க வேணாம், அவங்க கமிஷன் எதிர்பார்ப்பாங்க." அந்த ஒரு வார்த்தையால் மூன்று மாதம் எங்கள் வாயைக் கட்டிவிட்டான். முதல் மாதம் போனஸ் பணம், இரண்டாம் மாதம் சீட்டுப் பணம், மூன்றாம் மாதம் என் மனைவியின் கம்மல். ஆக மொத்தம் 23,400.

இரண்டாம் மாதமே பையன் ராத்திரி தூங்காமல் புரண்டான். நெஞ்சு படபடக்கிறது என்றான். முதுகெல்லாம் பரு. தங்கையிடம் காரணமில்லாமல் கத்தினான். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. கடையில் கேட்டதற்கு, "மருந்து வேலை செய்யுது அண்ணா, தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க" என்றான். "மருந்து" என்று அவன் வாயிலேயே வந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

விஷயம் வெளியே வந்தது எங்கள் வீட்டுச் சமையற்கட்டில். பவுடர் காலியானதும், டப்பா நன்றாக இருக்கிறது, புளி போட்டு வைக்கலாம் என்று என் மனைவி கழுவியிருக்கிறாள். வெளியே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் வரவில்லை. தேங்காய் எண்ணெயைத் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு நகத்தால் சுரண்டியிருக்கிறாள். ஒரு ஓரம் கிளம்பி, முழு ஸ்டிக்கரும் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் இன்னொரு லேபிள். அதில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். பையன் வாங்கிப் பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நைனா, இங்க பாரு" என்று நடுங்குகிற குரலில் படித்துக் காட்டினான். பவுடரில் 1,3-டைமெத்தில்அமைலமைன். டோப் டெஸ்ட் உள்ள விளையாட்டு வீரர்கள் இதைச் சாப்பிடக் கூடாது என்று அந்த லேபிளிலேயே அச்சடித்திருக்கிறது! அதைத்தான் ஸ்டிக்கர் போட்டு மூடியிருக்கிறார்கள். கேப்சூல் டப்பாவையும் எண்ணெய் போட்டு உரித்தோம். 1-ஆண்ட்ரோஸ்டீரோன்.

அன்றைக்கு ராத்திரியே மாஸ்டரிடம் ஓடினோம். திட்டுவார் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டார். பவுடரில் இருப்பதற்கு இன்னொரு பேர் மெத்தில்ஹெக்சேனமைன். 2010 டெல்லி காமன்வெல்த்துக்கு முன்னால் நம் நாட்டு வீரர்கள் பல பேர் மாட்டியது இதில்தான் என்றார். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிற சரக்கு. கேப்சூலில் இருப்பது அதைவிட மோசம். உடம்புக்குள் போனதும் ஸ்டீராய்டு வேலையைச் செய்வது. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் பட்டியலில் எந்த நாளிலும் தடை, போட்டி நாளில் மட்டும் இல்லை. நேஷனலில் நம் நாட்டு அமைப்பான நாடாவின் ஆட்கள் வந்து சிறுநீரை ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் பிரித்து சீல் வைத்து எடுத்துப் போவார்கள். மாட்டினால் நாலு வருஷம் வரைக்கும் தடை.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சொன்னா விட மாட்டாங்களா சார்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் என் காதில் இன்னும் இருக்கிறது. உடம்புக்குள் என்ன போனாலும் அதற்கு வீரன்தான் பொறுப்பு, அதுதான் விதி. 2011-ல் நம் பெண்கள் தொடர் ஓட்ட அணி வீராங்கனைகள் மாட்டியபோது, கோச் கொடுத்த ஜின்செங் மாத்திரையால்தான் வந்தது என்று சொன்னார்கள். இங்கே ஒரு வருஷத் தடை போட்டார்கள். அதையும் பற்றாது என்று சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் இரண்டு வருஷமாக்கியது. ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கினவர்களுக்கே அந்தக் கதி என்றால் என் பையனை யார் கேட்கப் போகிறார்கள்.

"தெரிஞ்சப்புறம் இவன மேடை ஏத்த மாட்டேன், அது மத்த பசங்களுக்குப் பண்ற துரோகம்" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் ஏறியிருக்கிறது என்று வந்தது. வெயிட்டே தொடக்கூடாது, ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கணும் என்றார் டாக்டர். நேஷனல் போயிற்று. எட்டு வருஷம் ஐந்து மணிக்கு எழுந்த பையன் இப்போது ஐந்து மணிக்கு விழித்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

இனி கடை. முதல் நாள் போனபோது ஓனர் திருப்பதி போயிருக்கிறார் என்றார்கள். இரண்டாம் நாள் அவனே இருந்தான், ஆனால் நாற்காலி இல்லை, டீ இல்லை. "சீல் உடைச்ச டப்பாவ எடுக்க மாட்டோம்" என்றான். நான் உரித்த ஸ்டிக்கரைக் காட்டினேன். "அது இம்போர்ட் பண்றவங்க ஒட்டினது, கம்பெனியக் கேளுங்க." ஸ்டிக்கரில் இருந்த நம்பருக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை. மூன்றாம் நாள், "எங்க கடையில வாங்கினதுக்கு பில்லு இருக்கா?" என்று கேட்டான். பில் வேண்டாம் என்று சொன்ன அதே வாய்! முருகன் படத்தைக் காட்டி, இதற்கு முன்னால் நின்று சத்தியம் பண்ணினாயே என்றேன். கடைக்கு வந்திருந்த இரண்டு பையன்களைப் பார்த்து, "பெரியவரு ஏதோ டென்ஷன்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். நேற்றோடு வாட்ஸ்அப்பிலும் என்னை பிளாக் பண்ணிவிட்டான். மூன்று தடவை 7,800, 7,800, 7,800 என்று வாங்கினவனுக்கு இன்று என் முகம் தெரியவில்லை. அந்தப் பையன்களில் ஒருவன் கையில் அதே டப்பா இருந்தது. அதனால்தான் விடியும்வரை காத்திருக்காமல் எழுதுகிறேன்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். தடையில்லாத பொருள் இல்லாமல் இல்லை. மாஸ்டர் சொன்னார்: வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து எடுப்பது, தடை கிடையாது. கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டுக்கும் கிடையாது, ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து ஐந்து கிராம் போதும், மாதம் ஆயிரத்துக்குள் முடியும். காபியில் இருக்கிற காஃபீனைக்கூட 2004-லேயே தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். தினம் நாலு முட்டையும் பாலும் ஆயிரம் ரூபாய்ப் பவுடரும் போதுமான இடத்தில் 23,400 கொடுத்து விஷம் வாங்கியிருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனசு நிற்கவில்லை. அவசரமாகச் சொல்கிறேன். பில் இல்லாமல் வாங்காதீர்கள். லேபிள் மேல் லேபிள் இருந்தால் தொடாதீர்கள். உணவுப் பொருளுக்கு அரசு கொடுக்கிற 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் நம்பரைப் பார்த்து, அது உண்மையா என்று நெட்டில் போட்டுப் பாருங்கள். மூலிகை என்று சொன்னால் நம்பாதீர்கள். டப்பாவை முதலில் மாஸ்டரிடம் காட்டுங்கள். காட்டாதே என்று கடைக்காரன் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் பண்ணிப் புகாரைப் பதியுங்கள், நான் பதிந்துவிட்டேன். நாளைக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் போகிறேன். பில் இல்லை, ஆனால் மூன்று தடவையும் ஜிபேயில்தான் பணம் போட்டேன், அது இருக்கிறது.

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் இதே மாதிரிக் கடையில் வாங்கின பெற்றோர் யாராவது இருந்தால் காலி டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்டிக்கர் மேல் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் விடுங்கள். உரித்துப் போட்டோ எடுத்து வையுங்கள்.