செம்மண்காரர்களுக்கு எந்தக் குவாட் பைக் பந்தயம்? பியூர், ரிஃப்ளெக்ஸ், லெஜண்ட்ஸ்

பொங்கல் விடுமுறைக்குக் காரைக்குடிக்கு வந்து இறங்கும் உறவுக்காரப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதைத்தான்: “அண்ணே, குவாட் பைக் பந்தய விளையாட்டில் எதை வாங்கலாம்?” குவாட் பைக் என்பது மண்பாதையில் ஓடும் நான்கு சக்கர பைக், ஏடிவி என்பதும் அதுதான். அதை வைத்து வந்த வீடியோ கேம்களில் இன்றைக்கும் விளையாடத் தகுந்தவையாக நான் கருதுவது மூன்று: 2008இல் வந்த பியூர், 2009இல் வந்த எம்எக்ஸ் வெர்சஸ் ஏடிவி ரிஃப்ளெக்ஸ், 2022இல் வந்த எம்எக்ஸ் வெர்சஸ் ஏடிவி லெஜண்ட்ஸ். படத்தின் அழகையும் வண்டிகளின் எண்ணிக்கையையும் நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். சக்கரத்துக்குக் கீழே மண் என்ன செய்கிறது என்பதே என் முதல் கேள்வி.

காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. பந்தயக் குவாட் பைக்கில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சுத்தண்டில் இறுக்கப்பட்டிருக்கும். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். காரில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிட டிஃபரன்ஷியல் என்ற அமைப்பு உண்டு, இதில் கிடையாது. அதனால் ஒரு சக்கரமாவது வழுக்கியாக வேண்டும். புழுதியிலும் சகதியிலும் வால் பக்கம் சறுக்கிக்கொண்டு திரும்புவதுதான் இந்த வண்டியின் இயல்பு. மோட்டார் சைக்கிள்போல வண்டியே சாய்ந்து கொடுக்காது. ஓட்டுபவர் இருக்கையிலிருந்து எழுந்து, வளைவின் உள்பக்கம் உடம்பைத் தள்ளி, எடையால் வண்டியை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இந்த உடல் உழைப்பைக் கையில் உணர்த்தாத விளையாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கார் பந்தயம்தான்.

பியூர் இங்கிலாந்தின் பிரைட்டனில் இருந்த பிளாக் ராக் ஸ்டூடியோ செய்தது. வெளியிட்டது டிஸ்னி நிறுவனம். இந்த மூன்றில் குவாட் பைக்குக்கு மட்டுமே உரியது இதுதான், வேறு வண்டி எதுவும் கிடையாது. எஞ்சின், சட்டம், சக்கரம், கைப்பிடி என்று ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி நீங்களே வண்டியைப் பூட்டிக்கொள்ளலாம். பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். மேட்டின் உச்சியில் கேம்பேடில் கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்கைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் வண்டி பறக்கும். கீழே பள்ளத்தாக்கு மிக ஆழத்தில் தெரியும். அந்த ஒரு நொடியில் நெஞ்சு உண்மையாகவே கனத்துப்போகும்.

ஆனால் பியூரின் மூளை வேறிடத்தில் இருக்கிறது. காற்றில் வித்தை காட்டினால் வேகமூட்டும் சக்தி சேரும். சக்தி நிறைய நிறையத்தான் அடுத்தடுத்த பெரிய வித்தைகளுக்குக் கதவு திறக்கும். ஆனால் முந்துவதற்காக அதே சக்தியைச் செலவழித்தால் பெரிய வித்தைகள் கைநழுவிப் போகும். சேர்த்து வைப்பதா, இப்போதே எரிப்பதா என்று ஒவ்வொரு மேட்டிலும் முடிவெடுக்க வேண்டும். பந்தய விளையாட்டுகளில் இவ்வளவு தெளிவான சிக்கலை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஸ்டூடியோவை 2011இல் மூடிவிட்டார்கள். பியூருக்கு இரண்டாம் பாகம் வராமலே போனது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். இருந்தும், இதில் மண் வெறும் காட்சிதான். கடைசிச் சுற்றிலும் முதல் சுற்றில் கண்ட அதே தரைதான் இருக்கும்.

ரிஃப்ளெக்ஸில் தரை மாறுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ரெயின்போ ஸ்டூடியோஸ் செய்த இந்த விளையாட்டில், ஓடும் சக்கரங்கள் மண்ணை உண்மையாகவே கீறுகின்றன. அந்தக் கீறல் பந்தயம் முடியும்வரை அழிவதில்லை. முதல் சுற்றில் வழவழப்பாக இருந்த வளைவு, எல்லோரும் உழுதுவிட்டுப் போன பிறகு வரிவரியான பள்ளமாகக் கிடக்கும். முந்தைய சுற்றில் நீங்கள் எடுத்த கோடு இந்தச் சுற்றில் உங்களைப் பிடித்து இழுக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு கண்மாய்க்கரை வழியாகவோ தைலமரக்காட்டு ஓரமாகவோ வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிராக்டர் போன தடத்தில் முன்சக்கரம் இறங்கிவிட்டால், அந்தத் தடம் சொல்கிற பக்கம்தான் போக முடியும். செம்மண் காய்ந்த பிறகோ அந்தத் தடம் கல்லாக நிற்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்க்கும் இந்த விஷயத்தை ஒரு விளையாட்டு கணக்குப் போட்டுச் செய்திருக்கிறது என்பதற்காகவே நான் ரிஃப்ளெக்ஸை முதலிடத்தில் வைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இடது ஸ்டிக் வண்டியின் கைப்பிடி. வலது ஸ்டிக் ஓட்டுபவரின் உடம்பு. வளைவுக்குள் நுழையும்போது இரண்டையும் ஒன்றாகச் சாய்க்க வேண்டும், மேட்டில் ஏறும்போது உடம்பைப் பின்னால் இழுத்து அமுக்கி, உச்சியில் விடுவிக்க வேண்டும். தடுமாறிக் கவிழப் போகிற நேரத்தில் திரையில் ஓர் அம்புக்குறி தோன்றும். அந்தத் திசையில் வலது ஸ்டிக்கை உடனே தள்ளினால் விழாமல் தப்பிக்கலாம். தொடக்கத்தில் விரல்கள் பின்னிக்கொள்ளும். பழகிய பிறகு, வலது ஸ்டிக் இல்லாத வேறு எந்தக் குவாட் பைக் விளையாட்டும் பாதி வேலையை மறைத்து வைத்திருப்பதாகவே தோன்றும். குறையும் உண்டு: முகங்களும் மரங்களும் இன்றைய கண்ணுக்குப் பழையவை. எனக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

லெஜண்ட்ஸ் அதே குடும்பத்தின் இளைய பிள்ளை. ரிஃப்ளெக்ஸை வெளியிட்ட தாய் நிறுவனமான டிஎச்கியூ 2012 கடைசியில் திவாலாகி, அடுத்த ஆண்டு இந்தத் தொடர் நோர்டிக் கேம்ஸ் கைக்குப் போனது. அந்த நிறுவனம் பின்னர் டிஎச்கியூ நோர்டிக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அவர்களிடமிருந்து வந்ததே லெஜண்ட்ஸ். இதிலும் இரண்டு ஸ்டிக் முறை தொடர்கிறது. மண்தடப் பந்தய மோட்டார் சைக்கிளான மோட்டோகிராஸ் பைக் (பெயரில் உள்ள எம்எக்ஸ்), குவாட் பைக் இவற்றோடு யுடிவி எனப்படும் கூண்டு வைத்த வண்டியும் உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது டிரெயில்ஸ் என்ற நெடுந்தடப் போட்டி. ஒரே வட்டத்தைச் சுற்றாமல் காடு, மலை வழியாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய்ச் சேர வேண்டும். மாட்டுவண்டிப் பந்தயத்தைச் சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வகைப் போட்டியின் சூடு உடனே பிடிபடும்: அடுத்த திருப்பத்துக்கு அப்பால் யார் முந்துகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது. தூரத்தை மனதில் வைத்து வேகத்தைப் பங்கிட வேண்டும். ஆனால் வண்டிக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு ரிஃப்ளெக்ஸ் அளவுக்கு நம்பகமாக இல்லை. நன்றாக இறங்கினேன் என்று நினைக்கும் இடத்திலும் வண்டி துள்ளி எறிகிறது, ஏன் என்று புரிவதில்லை. தோல்விக்குக் காரணம் புரியாவிட்டால் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? பந்தய விளையாட்டில் நான் பொறுக்க முடியாத ஒரே குறை அது.

இந்த மூன்றுக்கு வெளியேயும் சில உண்டு. போலந்தின் டெக்லாண்ட் நிறுவனம் 2010இல் செய்த நெய்ல்டு என்ற விளையாட்டு வேக வெறியர்களுக்கானது. அங்கே தரை பேருக்குத்தான். பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்கள் ரெயின்போவின் ஏடிவி ஆஃப்ரோடு ஃப்யூரியைத் தேடிப் பார்க்கலாம். 2001இல் வந்த அதில், வரைபடத்தின் எல்லையைத் தாண்டினால் வண்டியோடு உங்களைத் தூக்கி வெகுதூரம் வீசிவிடும். பிள்ளைகள் பந்தயத்தையே மறந்துவிட்டு அதற்காக எல்லைக்கு ஓட்டுவார்கள்.

வீட்டில் கூட்டமாக உட்கார்ந்து ஆடுவதுதான் நோக்கமென்றால் பியூர் கைகொடுக்காது. ஒரே திரையைப் பிரித்து இருவர் மோத அதில் வழியில்லை. ரிஃப்ளெக்ஸின் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்புகளிலும் லெஜண்ட்ஸிலும் அது முடியும். கல்லூரி விடுதியில் பழைய லேப்டாப் வைத்திருக்கும் தம்பிகள் லெஜண்ட்ஸை நினைக்க வேண்டாம், சித்திரை வெயிலில் அந்தக் கணினி கொதித்துவிடும். பியூரும் ரிஃப்ளெக்ஸும் தாராளமாக ஓடும். பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குப் பியூர். பொறுமையுள்ள பெரிய பிள்ளைக்கு ரிஃப்ளெக்ஸ். லெஜண்ட்ஸ் விலை குறையும்போது டிரெயில்ஸுக்காக மட்டும் வாங்கலாம். எதை எடுத்தாலும் விளையாட்டுக்கு முன்னால் இரண்டு ஸ்டிக் உள்ள நல்ல கேம்பேடு ஒன்றை வாங்கிவிடுங்கள். விசைப்பலகையில் ரிஃப்ளெக்ஸ் ஆடுவது வீண்வேலை.